முதலீட்டாளர் வந்திருக்கிறார், வழிவிடுங்கள்!

பினாங்குக்காரர்களுக்கு வெளிநாட்டு முதலீட்டாளர் என்றால் தனி மரியாதை. 1972இல் பாயான் லெப்பாஸில் சுதந்திர வர்த்தக வளாகம் வந்த நாளிலிருந்து அதுவே நம் ஊர்ப் பண்பாடு. கோட்டு சூட்டு போட்ட ஒருவர் விமானத்தை விட்டு இறங்கினால் போதும். நிலம் தருவோம், வரிவிலக்கு தருவோம், மாலை போடுவோம், பல் தெரியச் சிரித்துப் படமும் எடுத்துக்கொள்வோம். அப்படிப்பட்ட ஊரில் ஒரு பெரிய முதலீட்டாளரை இதுவரை யாரும் முறைப்படி வரவேற்கவில்லை. மாநில அரசு இயங்கும் கொம்தார் வாசலில் ஒரு பதாகை இல்லை. டத்தோ பட்டத்துக்கு அவர் பெயரை யாரும் முன்மொழியவில்லை. இந்தக் குறையைப் போக்கவே இந்த வரவேற்புப் பத்திரம்.

அவர் பெயர் ஸ்போடோப்டெரா ஃப்ரூகிபெர்டா. தமிழ்நாட்டில் படைப்புழு என்பார்கள், இலங்கையில் சேனா படைப்புழு என்பார்கள். பிறந்த ஊர் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதி. வளர்ந்தபின் சாம்பல் நிறத்தில், எவர் கண்ணிலும் படாத ஓர் அந்துப்பூச்சி. இளமையில் பச்சையும் பழுப்புமாக, நெற்றியில் தலைகீழான ஒய் எழுத்தும் வால் பக்கத்தில் சதுரமாக நான்கு புள்ளிகளும் கொண்ட புழு. அடையாள அட்டையை உடம்பிலேயே ஒட்டிக்கொண்டு வரும் முதலீட்டாளர் இவர் ஒருவர்தான்.

இவருடைய தொழில் விரிவாக்கத்தைப் பாருங்கள். 2016 தொடக்கத்தில் நைஜீரியாவிலும் அதன் அண்டை நாடுகளிலும் கிளை திறந்தார். 2018 மே மாதம் கர்நாடகத்தின் சிவமொக்காவில் இந்தியக் கிளை. அந்த ஆண்டு முடிவதற்குள் பெரம்பலூர், அரியலூர் மக்காச்சோளக் காடுகளிலும் இலங்கையின் அம்பாறையிலும் கடை விரித்தாயிற்று. 2019 தொடக்கத்தில் சீனாவின் யுன்னான் மாநிலம். அதே ஆண்டில் மலேசியாவின் வட மாநிலச் சோளக் கொல்லைகள். அதே ஆண்டின் நடுவில் கொரியாவும் ஜப்பானும். 2020 தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் வடமுனைத் தீவுகள். நான்கே ஆண்டில் நைஜீரியாவிலிருந்து ஆஸ்திரேலியா! எந்த மந்திரியின் வெளிநாட்டுப் பயணமும் இவ்வளவு பலன் தந்ததில்லை.

சலுகைகளிலும் குறைவில்லை. பாஸ்போர்ட் கிடையாது, விசா கிடையாது, வேலை பெர்மிட் கிடையாது. மலேசியா என் இரண்டாம் இல்லம் என்ற திட்டத்தில் இங்கே தங்க வேண்டுமானால் வெளிநாட்டுக்காரர் வங்கியில் பெருந்தொகை போட்டு வைக்க வேண்டும். இவர் ஒரு காசு போடவில்லை, முட்டை போட்டார். ஒரு தாய் அந்து தன் ஆயுளில் சராசரியாக ஏறத்தாழ 1,500 முட்டை இடும். நம் வெயிலுக்கு ஒரே மாதத்தில் அடுத்த தலைமுறை தயார். பிறந்த அன்றே நிரந்தரக் குடி.

இதை யாரிடம் சொல்லிச் சிரிப்பது? பால்மரம் வெட்டிய தாத்தா, செம்பனைக் குலை சுமந்த அப்பா, இங்கேயே பிறந்து இங்கேயே நரைத்த மகன். அந்த மகன் கையில் இன்னும் குடியுரிமை இல்லாதவருக்கான சிவப்பு அடையாள அட்டை. பிள்ளைக்குப் பிறப்புப் பத்திரம் இல்லாமல் பள்ளிக்கூட வாசலில் நிற்கும் தாய்மார் இந்த நாட்டில் இருக்கிறார்கள். தேர்தல் வந்தால் வந்தேறி என்ற வசவு எந்தப் பக்கம் திரும்பும் என்று உங்களுக்குத் தெரியும். நேற்று வந்து நாட்டின் சோளத்தைத் தின்னும் அந்துப்பூச்சியை வந்தேறி என்று மேடையில் திட்டிய அரசியல்வாதி எவரையும் நான் கேட்டதில்லை. பூச்சிக்கு ஓட்டு இல்லை என்பது காரணமாக இருக்காது. பூச்சியைத் திட்டினால் கைதட்டல் கிடைக்காது என்பதுதான் காரணம்.

சரி, எப்படி உள்ளே வந்தார் என்று அதிகாரிகளைக் கேளுங்கள். ஒரே பதில்: காற்று.

பதில் பொய்யில்லை, அதுதான் அதன் சாமர்த்தியம். பொழுது சாய்ந்ததும் இந்த அந்து மேலெழும்பும். தரையிலிருந்து சில நூறு மீட்டர் உயரத்தில் இரவுக் காற்று வேகமாக ஓடும். அந்த ஓட்டத்தில் ஏறிக்கொண்டால் ஓரிரவில் நூறு கிலோமீட்டர் சர்வசாதாரணம். 1970களில் வட அமெரிக்க ஆய்வாளர்கள் பதிவு செய்த ஒரு பயணத்தில், மிசிசிப்பியிலிருந்து கனடாவரை 1,600 கிலோமீட்டரை இது 30 மணி நேரத்தில் கடந்திருக்கிறது. குளிரைத் தாங்காது, உறைபனியில் உறங்கிக் காலம் தள்ளும் வித்தையும் இதற்குத் தெரியாது. எனவே அமெரிக்காவில் ஃப்ளோரிடாவின் தென்கோடியிலும் டெக்சசின் தெற்கிலும் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு, ஆண்டுதோறும் வசந்தக் காற்றேறி வடக்கே போகும். சீனாவிலும் அப்படியே: தெற்கே தங்கி, பருவக்காற்று திரும்பியதும் வடக்கே படையெடுப்பு. பினாங்கில் அந்தச் சிரமமும் இல்லை. இங்கே குளிர்காலமே கிடையாது. வந்தவர் திரும்பிப் போக எந்தக் காரணமும் இல்லை.

ஆக, காற்று உண்மை. ஆனால் காற்று எப்போது வீசும் என்பது அரசாங்க ரகசியமா? வடகிழக்குப் பருவக்காற்று நவம்பரில் தொடங்கி மார்ச்சில் ஓயும். தென்மேற்கு மே மாதம் தொடங்கி செப்டம்பரில் ஓயும். இதைப் பினாங்குக்குச் சொல்லித்தர வேண்டுமா? இந்த ஊரே காற்று கட்டிய ஊர். 1786இல் பிரான்சிஸ் லைட் கொடி நட்டதற்கு எத்தனையோ நூற்றாண்டு முன்பே, எதிர்க்கரையில் கடாரத்துக்கு நாகப்பட்டினத்துக் கப்பல்கள் காற்றைக் கணக்குப் போட்டுத்தான் வந்தன. சூலியா சாலை என்ற பெயர் யாரால் வந்தது? காற்று திரும்பும் மாதத்தை விரல்விட்டு எண்ணத் தெரிந்த தமிழ் முஸ்லிம் வணிகர்களால். வானிலை நிலையமும் துணைக்கோளும் இல்லாத காலத்தில் பாய்மரக்காரனுக்குத் தெரிந்த காற்று, இன்று குளிர்சாதன அறையில் மூன்று திரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும் திடீரென்று வீசுகிறதாம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

காற்றின் மேல் பழி போடுவது இங்கே நல்ல பழக்கமாகிவிட்டது. சுமத்திராவில் காடு எரிந்தால் நம் மூக்கில் புகை. 2019 செப்டம்பரில் பினாங்கிலும் பள்ளிகள் மூடப்பட்டன. யார் கொளுத்தினார்கள், அந்தத் தோட்டங்களில் யாருடைய பணம் போட்டிருக்கிறது என்ற கேள்வி வந்தபோதெல்லாம், காற்று திசை மாறட்டும், சரியாகிவிடும் என்றார்கள். காற்று திசை மாறியது. கேள்வியும் அதோடு போனது. அடுத்த பருவத்தில் புகை திரும்ப வரும், கேள்வி வராது. புகையில் பழகிய பாடத்தைத்தான் இப்போது பூச்சிக்கும் ஒப்பிக்கிறார்கள்.

இதில் இன்னொரு வேடிக்கை. 2022இல் வெளியான உலகளாவிய மரபணு ஆய்வொன்று மலேசியப் புழுக்களையும் எடுத்துப் பார்த்தது. ஆப்பிரிக்காவில் ஒருமுறை இறங்கி, அங்கிருந்து வரிசையாகக் கிழக்கே பறந்து வந்தது என்ற நேர்கோட்டுக் கதை அதில் பொருந்தவில்லை. பலமுறை, பல வாசல்கள் வழியாக இது பழைய உலகத்துக்குள் நுழைந்திருக்கிறது என்பதே முடிவு. ஐரோப்பாவில் இறக்குமதிக் காய்கறிப் பெட்டிகளுக்குள்ளேயே இந்தப் புழுவை எல்லைச் சோதகர்கள் பலமுறை பிடித்திருக்கிறார்கள். அட்லாண்டிக்கைத் தாண்டி ஆப்பிரிக்காவுக்கு வந்ததும் மனிதரின் சரக்கோடுதான் என்பது பலரும் ஏற்கும் கருத்து. அதாவது, முதல் டிக்கெட்டை எடுத்துக் கொடுத்தது வணிகம். அதன்பிறகு காற்று ஏற்றிக்கொண்டது. விசாரணைக் கூண்டில் மட்டும் காற்று தனியாக நிற்கிறது. காற்றுக்கு வக்கீல் இல்லை, கமிஷனும் கிடையாது.

சோளத்துக்கு வருவோம். இந்த நாடு ஆண்டுக்கு ஏறத்தாழ 40 லட்சம் டன் தானியச் சோளத்தை இறக்குமதி செய்கிறது. பெரும்பகுதி வருவது அர்ஜென்டினாவிலிருந்தும் பிரேசிலிலிருந்தும். நம் முதலீட்டாளரின் சொந்தச் சீமை! நாசி கண்டார் தட்டில் கிடக்கும் கோழியின் வயிற்றுக்குள் போனதில் பெரும்பங்கு அந்தச் சோளம்தான். தீவனம் விலையேறினால் கோழி விலையேறும். 2022 ஜூன் 1 முதல் கோழி ஏற்றுமதியையே அரசு நிறுத்த வேண்டி வந்தது. சிங்கப்பூர்க்காரர்கள் கோழிச் சோற்றுக்காக அழுத கதை உலகப் பத்திரிகைகளில் வந்தது. அதற்குக் காரணம் இந்தப் பூச்சி அல்ல. காரணம், ஒரு நாட்டின் கோழிக்கூண்டை இன்னொரு கண்டத்தின் சோளக் கொல்லையோடு கயிறு போட்டுக் கட்டி வைத்ததுதான். இந்தக் கட்டை அவிழ்க்க உள்நாட்டிலேயே தானியச் சோளம் விளைவிப்போம் என்று சில ஆண்டுகளுக்கு முன் திட்டம் போட்டார்கள். நல்ல திட்டம். கண்ணுக்கெட்டிய தூரம் ஒரே பயிர் என்று படம் காட்டினார்கள். 350க்கு மேற்பட்ட செடிகளைத் தின்றாலும் சோளத்தையே முதலில் விரும்பும் ஒரு பூச்சி கடல் தாண்டி வந்துகொண்டிருந்த வேளையில், ஒரே பயிரைப் பாயாக விரிப்பதற்குப் பெயர் உணவுப் பாதுகாப்பாம். பந்திக்கு அழைத்தபின் வந்தவரைக் குறை சொல்லக் கூடாது.

முதலீட்டாளர் வேலைவாய்ப்பு தர வேண்டாமா? தாராளமாகத் தந்திருக்கிறார். 2019 டிசம்பரில் ஐ.நா. உணவு வேளாண் நிறுவனம் இவருக்காக மூன்றாண்டுத் திட்டம் அறிவித்தது. மதிப்பு 50 கோடி அமெரிக்க டாலர். புழுவைக் கண்டால் பதிவு செய்யக் கைப்பேசிச் செயலி வந்தது. கருத்தரங்குகள் வந்தன, ஆலோசகர்கள் வந்தார்கள், வண்ண வரைபடங்கள் வந்தன. குருத்துக்குள் ஒரு பிடி மணலோ சாம்பலோ போட்டுப் புழுவைக் கொல்லும் வித்தை ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்க ஏழை உழவர்களுக்கு முன்பே தெரியும். மணலுக்குக் காப்புரிமை வாங்க முடியாது. ஆகவே மணலுக்குக் கருத்தரங்கு இல்லை.

பீதியும் நல்ல சரக்குதான். 2017இல் வெளியான ஒரு மதிப்பீடு, தடுக்காவிட்டால் பன்னிரண்டு ஆப்பிரிக்க நாடுகளில் ஆண்டுக்கு 83 லட்சம் முதல் 2 கோடியே 6 லட்சம் டன் சோளம்வரை போகும் என்றது. இரண்டாண்டு கழித்து வெளியான ஓர் ஆய்வுக்காக ஜிம்பாப்வேயில் ஆய்வாளர்கள் வயலில் இறங்கி அளந்தபோது விளைச்சல் இழப்பு ஏறத்தாழ 12 விழுக்காடு. சிறு உழவனுக்கு 12 விழுக்காடும் பெரிய அடிதான், மறுக்கவில்லை. ஆனால் முதல் எண்ணைக் கேட்டவன் கை மருந்து டப்பாவுக்குப் போகிறது, இரண்டாம் எண்ணைக் கேட்டவன் கை கொஞ்சம் தயங்குகிறது. எந்த எண் ஊரெல்லாம் ஒலித்தது என்று நான் சொல்லத் தேவையில்லை. காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்ற பழமொழியைச் சரியாகக் கற்றவர்கள் மருந்து வியாபாரிகள்தான்.

இங்கே சிரிப்பை நிறுத்திக்கொள்கிறேன். ஏனென்றால் இனி வருவது மருந்தடிப்பவரின் கதை.

2018இல் பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் சோளம் ஆளுயரம் நின்றது. குருத்துக்குள் புழு. முகத்துக்கு நேரே மருந்தைத் தெளித்துக்கொண்டு அந்தக் காட்டுக்குள் நடந்தவர்களில் சிலர் மயங்கி விழுந்தார்கள். 2019 தொடக்கத்தில் தமிழக அரசு மக்காச்சோள உழவர்களுக்கு ஏறத்தாழ 186 கோடி ரூபாய் நிவாரணம் அறிவித்தது. நிவாரணம் பயிருக்கு. மருந்தை மூச்சோடு இழுத்த நெஞ்சுக்கு எந்த அட்டவணையிலும் தலைப்பு இல்லை.

அது அந்தக் கரை என்று மூச்சு விடாதீர்கள். இந்தக் கரையில் மருந்தடிப்பவர் யார்? தோட்டத்து வேலைக்காட்டில் முதுகில் மருந்துத் தோம்பு சுமந்த நம் அம்மாக்கள். 2002இல் தெனகனித்தா என்ற பெண்கள் உரிமை அமைப்பு, பினாங்கில் இயங்கும் ஆசிய பசிபிக் பூச்சிக்கொல்லி எதிர்ப்பு அமைப்போடு சேர்ந்து, தோட்டப்புறப் பெண்களைச் சந்தித்து ஓர் ஆய்வை வெளியிட்டது. நகம் கருத்து உதிர்ந்தவர்கள், மூக்கில் ரத்தம் வடிந்தவர்கள், கண் மங்கியவர்கள். அவர்கள் அடித்ததில் முக்கியமானது பாராகுவாட் என்ற களைக்கொல்லி. அதைத் தயாரிக்கும் பெருநிறுவனத்தின் தலைமையகம் இருக்கும் சுவிட்சர்லாந்து அதை 1989இலேயே தடை செய்துவிட்டது. அங்கே ஆகாத நஞ்சு இங்கே தமிழச்சியின் முதுகுக்கு ஆகும். 2002இல் மலேசியா தடையை அறிவித்தது. 2006இல் தடை தளர்ந்தது. மறுபடி பேச்சு, மறுபடி ஆலோசனை, மறுபடி அவகாசம். முழுத் தடை வந்தது 2020 ஜனவரி 1ஆம் தேதி.

கணக்கைப் பாருங்கள். மூளை கடுகளவு உள்ள ஒரு பூச்சி மூன்று கண்டங்களைத் தாண்ட எடுத்துக்கொண்டது நான்கு ஆண்டு. பட்டம் பெற்ற அதிகாரிகளும் மந்திரிகளும் நிரம்பிய ஓர் அரசு, ஒரு நஞ்சுக்கு விடைகொடுக்க எடுத்துக்கொண்டது பதினெட்டு ஆண்டு. பூச்சியை எதிர்த்து ஓடும் பந்தயத்தில் நாம் ஏன் தோற்கிறோம் என்பதற்கு இதற்குமேல் ஆய்வறிக்கை வேண்டுமா?

வெட்கம் அத்தோடு முடியவில்லை. நஞ்சில்லா வேளாண்மைக்கான அறிவு நமக்குப் புதியதா? உலகெங்கும் பூச்சிக்கொல்லிகளை எதிர்க்கும் கூட்டமைப்பு 1982இல் பிறந்த ஊர் எது? பினாங்கு! பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்தின் எஸ்.எம். முகமது இத்ரிஸ் அரை நூற்றாண்டாகத் தொண்டை கிழியக் கத்தினார். புழு இந்த மண்ணில் கால் வைத்த அதே 2019இல் அவர் கண்ணை மூடினார். அவருக்கு இரங்கல் உரை வாசித்தவர்களில் எத்தனை பேர் அவர் உயிரோடு இருந்தபோது எழுதிய மனுக்களைப் பிரித்துப் பார்த்தார்கள்?

இன்னும் கேளுங்கள். டெலினோமஸ் ரீமஸ் என்று ஒரு குளவி. அரை மில்லிமீட்டர் சொச்சம்தான் இருக்கும். படைப்புழு அந்தின் முட்டைக்குவியலைத் தேடிப் போய், முட்டைக்குள் தன் முட்டையை வைக்கும். புழு பிறக்காது, குளவி பிறக்கும். 1937இல் இது அறிவியலுக்கு அறிமுகமானது எங்கிருந்து எடுத்த மாதிரிகளால்? சிலாங்கூரின் உலு கோம்பாக்கிலிருந்து. ஆம், மலேசியக் குளவி! 1960களில் இதன் உறவுக் கூட்டம் பப்புவா நியூகினியிலிருந்து இந்தியாவுக்கு எடுத்துச் செல்லப்பட்டது. பின்னர் வெனிசுவேலாவில் இதை ஆய்வகத்தில் பெருக்கிச் சோளக்காட்டில் விட்டார்கள். படைப்புழுவின் சொந்தச் சீமையிலேயே போய் அதன் முட்டையைத் தின்றது நம் ஊர்ப் பிள்ளை. பகைவன் நம் வாசலுக்கு வந்தான். அவனைக் கொல்லத் தெரிந்தவன் நம் காட்டிலேயே பிறந்தவன். இப்போது செபராங் பிறையில் இரண்டு காணிச் சோளம் போட்டிருப்பவர் பக்கத்து விவசாயக் கடைக்குப் போய் அந்தக் குளவி வேண்டும் என்று கேட்டுப் பார்க்கட்டும். கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அலமாரியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து வைப்பார். உள்ளூர்த் திறமைக்கு உள்ளூரில் மதிப்பில்லை என்பதில் நாம் மனிதருக்கும் குளவிக்கும் வேறுபாடு பார்ப்பதில்லை.

வரவேற்புப் பத்திரம் நீண்டுவிட்டது. முதலீட்டாளர் பொறுத்துக்கொள்வார், அவருக்கு அவசரமில்லை. அவசரம் நமக்குத்தான். நம்மைப் போன்றவர்கள் கேட்க வேண்டியவை ஒன்றும் பெரிதில்லை. ஒவ்வொரு பருவக்காற்றுக்கும் முன்னால் இனக்கவர்ச்சிப் பொறிகளில் எத்தனை அந்து விழுந்தது என்ற கணக்கை மலாயிலும் தமிழிலும் சீனத்திலும் ஊரறிய வெளியிடுங்கள். குளவியை வளர்த்து, மருந்து டப்பாவைவிடக் குறைந்த விலைக்குக் கொடுங்கள். ஒரே பயிரை மைல் கணக்கில் விரிக்கும் திட்டத்துக்குக் கையெழுத்துப் போடும் முன் பூச்சியியலாளரை ஒரு வார்த்தை கேளுங்கள். மருந்தடித்தே ஆக வேண்டுமானால், அடிப்பவருக்கு முகக்கவசமும் கையுறையும் அவர் படித்துப் புரிந்துகொள்ளும் மொழியில் எச்சரிக்கையும் கொடுங்கள். அவர் தமிழராக இருக்கலாம், இன்று பெரும்பாலும் வங்காளதேசத்தவராகவோ இந்தோனேசியராகவோ இருப்பார். நஞ்சு அடையாள அட்டையின் நிறம் பார்ப்பதில்லை.

வாசகரே, அடுத்த தேர்தலில் உங்கள் வீட்டு வாசலுக்கு வரும் வேட்பாளரிடம் இந்த நான்கையும் கேளுங்கள். அவர் காற்று என்று தொடங்கினால் கதவைச் சாத்திவிடுங்கள். காற்றை யாராலும் தடுக்க முடியாது, அது குற்றமில்லை. அது வரும் மாதம் தெரிந்தும் கையைக் கட்டிக்கொண்டிருந்தவர்தான் குற்றவாளி.